நாற்பது வயதுப் பிள்ளை

பாளையங்கோட்டையில் பார்வையற்ற சிறுவர்களுக்கு மிஸ் ஆஸ்க்வித் பாடம் சொல்லத் தொடங்கியது 1890இல். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே ஊரில் ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1981இல், தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கடற்படை அதிகாரித் தேர்வுக்காக 1975இல் பெங்களூருக்குப் போன பொறியியல் மாணவர் அவர். தேர்வின்போது விழுந்ததில் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். தசைச்சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் பின்னர் வந்து சேர்ந்துகொண்டார். சக்கர நாற்காலியில் இருந்த இந்த இருவரும் சிற்றாற்றுப் படுகைக் கிராமங்களுக்குப் பணியாளர்களை அனுப்பி, வீட்டு வாசலிலேயே பயிற்சி கொடுக்கும் முறையை வளர்த்தார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தாமிரபரணிப் பகுதி பெருமைப்படத்தக்க வரலாறு இது. ஆனால் இந்த வரலாற்றின் பெரும்பகுதி குழந்தைகளைப் பற்றியது. பள்ளிகள் குழந்தைகளுக்காக எழுந்தன. ஆய்க்குடிக்கு வெளியுலகில் பெயர் வாங்கித் தந்த பணிகளில் ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கான ஆரம்பகாலப் பயிற்சி முக்கியமானது. அதில் தவறே இல்லை. மூளை மிக வேகமாக வளைந்து கொடுப்பது அந்த வயதில்தான். சிக்கல், அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு வருகிறது. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு ஆகிய வளர்ச்சிசார் குறைபாடுகள் எவையும் பதினெட்டாம் பிறந்தநாளில் விடைபெற்றுப் போவதில்லை. விடைபெறுவது சிறப்புப் பள்ளியும் குழந்தை மருத்துவரும்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் நாடு முழுவதும் சுமார் 15 லட்சம், தமிழ்நாட்டில் சுமார் ஒரு லட்சம். கேட்க வருபவரிடம் வீட்டில் மறைப்பதும் உண்டு என்பதால் இது குறைந்தபட்சக் கணக்காகத்தான் இருக்கும்.

நெல்லைச் சீமையில் நாற்பது வயது ஆணுக்கு ஊர் தரும் மரியாதை ‘அண்ணாச்சி’. அறிவுசார் குறைபாடு உள்ள நாற்பது வயதுக்காரர் மட்டும் அறுபது ஆனாலும் ‘ஏலேய்’தான். அவருக்கு அரைக்கால் டவுசர் மாட்டிவிடுகிறார்கள். மருத்துவர் அவரைப் பார்க்காமல் அம்மாவிடமே கேட்கிறார். காசு கையில் கொடுப்பதில்லை. காரணம் கேட்டால், “அவனுக்கு அஞ்சு வயசுப் பிள்ள புத்திதான” என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். அந்த ஐந்து வயது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அது வந்தது பாரிஸ் பள்ளிக்கூடங்களிலிருந்து. பாடத்தில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிய ஆல்ஃபிரட் பினே, தியோடர் சைமனுடன் சேர்ந்து 1905இல் ஒரு சோதனையை உருவாக்கினார். 1908இல் அதைத் திருத்தியபோது வினாக்களை வயதுவாரியாக அடுக்கினார். சராசரி ஏழு வயதுக் குழந்தை விடை சொல்லும் வினாக்கள் வரை ஒரு குழந்தை எட்டினால் அதன் நிலை ஏழு. இந்தியாவில் வி.வி. காமத் இதைக் கன்னட, மராத்திச் சூழலுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். பினே–காமத் சோதனை என்ற பெயரில் அது இன்னும் புழங்குகிறது. ஆக, ‘மனவயது’ என்பது ஒரு வினாத்தாளில் எடுத்த மதிப்பெண். குழந்தைகளைக் குழந்தைகளோடு ஒப்பிட வந்த அளவை. ஐந்து வயது மனவயது என்று சான்றிதழில் எழுதப்பட்ட 38 வயதுக்காரருக்கு முப்பத்தெட்டு வருட அனுபவம் இருக்கிறது. எந்தப் பேருந்து தென்காசிக்குப் போகும், எந்தச் சித்தப்பா வந்தால் வீட்டில் சண்டை வரும், எந்தக் கடையில் கடன் சொல்லலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவருடைய ஹார்மோன்களும் ஐந்து வயதுக்குரியவை அல்ல, மூட்டுகளும் அல்ல, துக்கமும் அல்ல.

மருத்துவ உலகம் இதை மெல்லத்தான் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு, குறைபாட்டின் தீவிரத்தை அறிவுத்திறன் எண்ணைக் கொண்டு பிரிப்பதைக் கைவிட்டு, அன்றாட வாழ்வில் எவ்வளவு உதவி தேவை என்பதைக் கொண்டு பிரித்தது. கேள்வியே மாறிவிட்டது: இவருக்கு எத்தனை மதிப்பெண் என்பது போய், எந்த இடத்தில் எந்தக் கை கொடுத்தால் இவர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார் என்றாகிவிட்டது.

உச்ச நீதிமன்றமும் இரண்டு முறை இந்த மனவயதோடு மல்லுக்கட்டியிருக்கிறது. சண்டிகரில் அரசு இல்லம் ஒன்றில் வாழ்ந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றார். குழந்தை வேண்டும் என்றார் அவர். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தியது: வயதுவந்த பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்க முடியாது, லேசான குறைபாடு அந்தச் சம்மதத்தைப் பறிக்கக் காரணமாகாது. இரண்டாவது வழக்கு 2017இல் வந்தது. மூளை முடக்குவாதம் உள்ள 38 வயதுப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை, அவருடைய மனவயது ஆறிலிருந்து எட்டுதான் என்பதால், போக்சோ சட்டத்தின் கீழ் குழந்தைக்கு எதிரான குற்றமாக விசாரிக்க வேண்டும் என்று அவருடைய தாய் கேட்டார். நீதிமன்றம் மறுத்தது, சட்டம் சொல்லும் வயது பிறந்த தேதியிலிருந்து எண்ணும் வயதுதான் என்றது. ஒரு தாயின் கோரிக்கையைத் தள்ளிய தீர்ப்பு என்பதால் மனம் சங்கடப்படும். இருந்தாலும் எதிர்த் தீர்ப்பு வந்திருந்தால், ஒரு வினாத்தாளின் எண்ணை வைத்து லட்சக்கணக்கான பெரியவர்களின் சம்மதம், திருமணம், சாட்சியம் எல்லாவற்றையும் கேள்விக்குள்ளாக்கியிருக்க முடியும்.

நீதிமன்றத்தைவிட இந்தப் பிழை அதிகம் கொல்லும் இடம் மருத்துவமனை.

ஸ்டீவன் ரீஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் 1982இல் ஒரு சோதனை செய்தார்கள். கடுமையான அச்ச நோய் கொண்ட ஒருவரின் வரலாற்றை எழுதி உளவியல் நிபுணர்களிடம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே வரலாறு. ஒரே ஒரு வேறுபாடு, சிலருக்குக் கொடுத்த தாளில் அந்த ஆளுக்கு அறிவுசார் குறைபாடு இருப்பதாக எழுதியிருந்தது. அந்தத் தாளைப் படித்தவர்களில் பலர் அச்ச நோயைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணெதிரே இருந்த நோயை ‘குறைபாடு’ என்ற பெரிய நிழல் மூடிவிட்டது.

இது தினமும் நடக்கிறது. பேச்சு வராத முப்பது வயதுக்காரர் திடீரென்று தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்குகிறார். “இவங்க அப்படித்தான்” என்று அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதப்படுகிறது. காரணம் சொத்தைப் பல்லாக இருக்கலாம், காதில் அடைத்த குரும்பியாக இருக்கலாம், ஒரு வாரமாக மலம் கழியாத வேதனையாக இருக்கலாம். மலச்சிக்கல் சிரிப்புக்குரிய விஷயம் அன்று. நடமாட்டம் குறைவு, தண்ணீர் குறைவு, மருந்துகளின் பக்கவிளைவு எல்லாம் சேர்ந்து குடல் அடைத்து உயிரே போன நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு இருக்கிறது. அதற்குப் பல காலம் கொடுக்கப்படும் ஃபெனிட்டாயின் மாத்திரை ஈறுகளைத் தடிக்க வைக்கும், எலும்பை மெலிய வைக்கும். குணம் மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள் என்பதுதான் இத்துறை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் முதல் பாடம். இங்கிலாந்தில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு அறிவுசார் குறைபாடு உள்ளவரும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கொரு முறை முழு உடல் பரிசோதனை செய்துகொள்ள ஏற்பாடு இருக்கிறது. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவரை, அவர் சொல்லும் வரை காத்திருக்காமல் தேடிப் பார்ப்பது எளிய, மலிவான வேலை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களால் செய்ய முடியாதது அதில் எதுவும் இல்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் விஷயத்தில் இது இன்னும் அவசரம். அமெரிக்கக் கணக்குப்படி, 1983இல் அவர்கள் இறக்கும் வயதின் இடைநிலை 25. 1997க்குள் அது 49 ஆனது. பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை வந்ததும், பெரிய இல்லங்களில் அடைத்து வைப்பது குறைந்ததும் சேர்ந்து செய்த மாற்றம் இது. நீண்ட ஆயுளோடு புதிய சிக்கலும் வந்தது. இவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று. அமிலாய்டு என்ற புரதத்துக்கு மூலமான மரபணு அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. மூன்று பிரதி இருப்பதால் அந்தப் புரதம் இளமையிலிருந்தே கூடுதலாகச் சேர்ந்து, நாற்பது வயதுக்குள் ஏறத்தாழ எல்லோருடைய மூளையிலும் அல்சைமர் நோயின் படிவுகள் தென்படுகின்றன. ஐம்பதை ஒட்டிப் பலருக்கு நோயே வெளிப்படுகிறது. மறதிக்கு முன்பே பிடிவாதம், ஒதுங்கல், ஆர்வமின்மை என்று குணமாற்றமாக அது தலைகாட்டக்கூடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. மந்தமாகிவிட்டார் என்றவுடன் அல்சைமர் என்று முடிவுகட்டுவதும் அதே நிழல் செய்யும் வேலைதான். தைராய்டு குறைவு இவர்களிடம் மிகப் பரவலானது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், தினம் ஒரு மாத்திரையில் சரியாகிவிடும். காது மந்தம், கண்புரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு எல்லாமே மறதி நோய் போல வேஷம் போடக்கூடியவை.

மூளை முடக்குவாதத்தின் கணக்கு வேறு. மூளையில் ஏற்பட்ட சேதம் வயதோடு அதிகரிப்பதில்லை. ஆனால் முறுக்கிய தசைகளோடு வருடக்கணக்கில் நடந்த மூட்டுகள் சீக்கிரம் தேய்கின்றன. இருபது வயதில் நடந்துகொண்டிருந்தவர் முப்பத்தைந்தில் நடையை இழப்பதுண்டு. சிறுவயதில் வாரம் தவறாமல் கிடைத்த பிசியோதெரபி, வலி கூடத் தொடங்கும் வயதில்தான் நின்றுபோயிருக்கும்.

அறிவுசார் குறைபாடும் மனநோயும் ஒன்று என்ற குழப்பம் இன்னமும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் வரையறையிலேயே இரண்டையும் பிரித்துவிட்டது. ஒருவருக்கு இரண்டும் சேர்ந்து வரலாம் என்பது உண்மை. அப்போது மனநோய்க்கு மனநோய்க்குரிய சிகிச்சை வேண்டும். சங்கிலி எதற்கும் சிகிச்சை ஆகாது என்பதை 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகக் கொட்டகைத் தீயில் கட்டப்பட்ட நிலையிலேயே இறந்த 28 பேர் இந்த மாநிலத்துக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

துக்க வீட்டிலும் இந்த ‘அஞ்சு வயசு’ வந்து நிற்கிறது. அப்பா இறந்ததும் குறைபாடுள்ள மகனைப் பக்கத்துத் தெருவுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். நீர்மாலை எடுக்கத் தம்பி போகிறான், கொள்ளி வைக்கத் தம்பி போகிறான். மூத்தவரிடம் “அப்பா ஊருக்குப் போயிருக்காரு” என்று சொல்லப்படுகிறது. அவர் வாசலில் உட்கார்ந்து காத்திருக்கிறார். சில மாதம் கழித்துச் சாப்பிட மறுக்கிறார், பொருள்களை எறிகிறார். ஷீலா ஹாலின்ஸ் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1997இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோரை இழந்த அறிவுசார் குறைபாடு கொண்ட பெரியவர்களையும் அப்படி இழக்காதவர்களையும் ஒப்பிட்டது. இழந்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. கவனித்துக்கொண்டவர்களோ அதை இழப்போடு தொடர்புபடுத்தவே இல்லை. மரணத்தை நேராகச் சொல்வதும், சடங்கில் இடம் கொடுப்பதும், பதினாறாம் நாள் படத்துக்குப் பூப்போடச் சொல்வதும் இவருக்குத் தேவையான மருத்துவத்தில் சேரும்.

வேலைக்கு வருவோம். இல்லினாய்ஸில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர் 1972இல் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் திருப்புமுனை. கவர்களை ஒட்டுவதைத் தவிர வேறெதற்கும் ஆகமாட்டார்கள் என்று பட்டறைகளில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தவர்களிடம், 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டச் சொன்னார் அவர். கோல்ட் வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்தார். ஒரு பாகத்தின் எந்தப் பக்கம் மேலே வர வேண்டுமோ அந்தப் பக்கத்தில் வண்ணம் பூசினார். பேச்சைக் குறைத்துக் கையால் காட்டினார். அவர்கள் பூட்டினார்கள்; வண்ணம் பூசிய பாகங்களோடு பழகியவர்கள் இன்னும் விரைவாகக் கற்றார்கள். கற்கவில்லை என்றால் கற்பிக்கும் விதத்தை மாற்று என்பது கோல்டின் கட்சி. கோவில்பட்டிக் கடலைமிட்டாயை எண்ணிப் பொட்டலம் போடும் இடத்தில் இதையே செய்யலாம். ஐம்பது வரை எண்ணத் தெரியாதவரிடம் ஐம்பது குழி வெட்டிய மரத்தட்டைக் கொடுத்தால், குழி நிரம்பியதும் கணக்குச் சரியாகிவிடும்.

தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், சந்தீப் நந்தூரி ஆட்சியராக இருந்தபோது ‘கஃபே ஏபிள்’ என்ற உணவகம் தொடங்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் சமைத்துப் பரிமாறும் கடை. நல்ல முயற்சி, நாடு முழுவதும் பேசப்பட்டது. ஆனால் அங்கே தேர்வானவர்களில் பெரும்பாலோர் உடல் இயக்கத்தில் மட்டும் குறைபாடு உள்ளவர்கள். இது அந்தக் கடையின் குற்றமில்லை. வேலை என்றாலே வரிசையில் கடைசியாக நிற்பவர்கள் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த 4 சதவீத அரசு வேலை ஒதுக்கீட்டில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியவற்றுக்குச் சேர்த்தே 1 சதவீதம்தான். மும்பை ஜுஹுவில் 2018இல் திறந்த ‘கஃபே அர்ப்பண்’ இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. அங்கே பரிமாறுகிறவர்கள் ஆட்டிசமும் டவுன் சிண்ட்ரோமும் அறிவுசார் குறைபாடும் உள்ள பெரியவர்கள். காபி நன்றாக இல்லாவிட்டால் கூட்டம் இரக்கத்துக்காகத் திரும்பத் திரும்ப வராது.

ஆட்டிசம் என்று உலகில் முதலில் பதிவானவர் டொனால்ட் டிரிப்ளெட். லியோ கேன்னர் 1943இல் எழுதிய கட்டுரையில் முதல் குழந்தை அவர். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில், சொந்தபந்தம் பங்கு வைத்திருந்த வங்கியில் அறுபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக நாடு நாடாகச் சுற்றினார். 2023இல் 89 வயதில் இறந்தார். பணக்கார வீடு என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி அந்த ஊர். மனிதர்களுக்கு எண்களை ஒட்டி அழைக்கும் அவருடைய பழக்கத்தை ஊர் பெருமையாக ஏற்றுக்கொண்டது. அவரைக் கேலி செய்ய வெளியூர்க்காரர்களை விடவில்லை. ஆட்டிசத்தை யாரும் குணப்படுத்தவில்லை, அதற்குத் தேவையும் வரவில்லை.

நம் ஊரில் பெற்றோரை உறங்கவிடாத கேள்வி, “எங்க காலத்துக்குப் பொறவு இவன யாரு பாப்பா?” பணம் ஒரு பகுதி. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். அரசு ஊழியரின் பிள்ளையாக இருந்து, சம்பாதிக்க முடியாத குறைபாடு என்று சான்று பெற்றிருந்தால் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்க உண்டு. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அலுவலகப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரை ஏற்றிவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம்.

சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், பிள்ளைக்குப் பதினெட்டு ஆன அன்றே பெற்றோரின் பாதுகாவலர் பொறுப்பு முடிந்துவிடுகிறது என்பது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் பெறலாம். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: எல்லா முடிவையும் ஒருவர் எடுத்துக்கொள்வதற்குப் பதிலாக, குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து பேசி முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் முறை. வங்கிக் கணக்கில் உதவி வேண்டும் என்பதற்காக, என்ன சட்டை போடுவது என்ற உரிமையையும் அவர் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

தங்குமிடத்துக்குப் பெரிய விடுதிதான் வழி என்றில்லை. ஹைதராபாத்தில் ‘ஸ்வயம்க்ருஷி’ 1991 முதல் அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களைச் சிறு குழுக்களாக வீடுகளில் குடியமர்த்தி, சமையலும் வேலையும் அவர்களே பார்த்துக்கொள்ளப் பழக்கிவருகிறது. அப்படி ஒரு வீட்டுக்கு ஒருவர் போகும் நாள், பெற்றோர் இறந்த மறுநாளாக இருக்கக் கூடாது. அம்மாவுக்கு ஐம்பத்தைந்து ஆகும்போதே வாரத்தில் இரண்டு இரவு அத்தை வீட்டிலோ அக்கா வீட்டிலோ தங்கிப் பழகினால் பிற்பாடு இரட்டை இழப்பு நேராது.

இன்னொரு ஏற்பாட்டுக்கு அரசாணையோ பணமோ தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு; எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது; வலித்தால் எப்படிக் காட்டுவார்; எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார்; தலைக்கு எண்ணெய் யார் வைத்தால் சம்மதிப்பார்; சொதிக் குழம்பு பிடிக்குமா, எந்த ஊர்க் கொடைக்குப் போக ஆசைப்படுவார்; யாரிடம் பணம் கொடுத்து வைத்திருக்கிறது. இவற்றில் பாதி, அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கும் தகவல்கள். மீதிப் பாதியை அவரிடமே கேட்டு எழுத வேண்டும். பேச்சு வராதவராக இருந்தால் படங்களைக் காட்டிக் கேட்கலாம், இரண்டு பொருளை எதிரே வைத்து எதை எடுக்கிறார் என்று பார்க்கலாம். எழுதியதை வருடத்துக்கு ஒரு தடவை திருத்தி, ஒரு பிரதியை உடன்பிறந்தவரிடமும் இன்னொன்றை மருத்துவரிடமும் கொடுத்து வைக்கலாம்.